நடுச்சக்கரத்தின் புள்ளி

நான் சரியான பயந்தாங்கொள்ளி. நர்ஸ் வேலையில் ரத்தத்தையும் சாவையும் பார்த்துப் பழகியவள்தான். ஆனால் வீட்டில் அகாலத்தில் போன் அடித்தால் போதும், உள்ளங்கை வியர்த்துவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் கேலி செய்வார். அந்த வெள்ளிக்கிழமை காலை இரவு டூட்டி முடித்து, நாங்கள் குடியிருக்கும் அப்பாசியாவுக்குத் திரும்பியபோது, எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கும் மணல்வெளியில் சின்ன லாரியின் முன்னால் அவர் குந்தியிருந்தார். அது கேலி செய்கிற முகமாக இல்லை.

லாரி அவருடையது அல்ல, கபீலுடையது, அதாவது விசா கொடுத்து அவரை வேலைக்கு வைத்திருக்கும் அரபு முதலாளியுடையது. என் கணவருடைய விசாவும் அந்தக் கபீலின் பெயரில்தான். கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. பழைய வண்டி என்பதால் மாதம் தவறாமல் ஏதாவது ஒரு ரிப்பேர் வரும். போன தடவை கராஜ்காரன் பில் அனுப்பியபோது கபீல் போனிலேயே கத்தினார். இனி ஒரு பில் வந்தால் வண்டியும் வேண்டாம், நீயும் வேண்டாம், கலாஸ், எல்லாம் முடிந்தது என்று. எனக்கு மருத்துவமனை விசா. அதை வைத்து அவரை இங்கே நிறுத்திக்கொள்ள முடியாது. அவர் ஊருக்குப் போனால் நான் இங்கே, அவர் அங்கே. கல்யாணமாகி முதல் நாலு வருஷம் அப்படித்தான் இருந்தோம். திரும்பவும் அப்படி இருக்க என்னால் முடியாது.

அதனால்தான் இன்ஜின் முன்பக்கம் ஆயில் ஒழுக ஆரம்பித்ததும், கராஜுக்குப் போகாமல் தானே சரி செய்வதாகக் கிளம்பினார். ஒரு சீல் மாற்றுகிற வேலைதானே என்று கேபினைச் சாய்த்து, ரேடியேட்டரை இறக்கி, மூடியைத் திறந்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, உள்ளே இருந்த பல்சக்கரங்கள் மூன்றில் நடுச்சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் இருக்கும் புஷ் வளையம் தேய்ந்துபோயிருந்தது. அதையும் வாங்கி வந்து மாற்றிவிட்டார். இந்த நேரம் பார்த்துக் கபீல் போன் செய்து, சனிக்கிழமை காலை வண்டியைப் பார்க்க வருகிறேன், கழுவி நிறுத்து என்று சொல்லியிருந்தார்.

"ஏங்க, என்னாச்சு?" என்றேன்.

"புள்ளி சேரமாட்டேங்குதுட்டி" என்றார்.

சக்கரங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் குத்தியிருக்கும். கீழ்ச் சக்கரம் பிஸ்டனோடு சுற்றுவது, மேல் சக்கரம் வால்வுகளைத் திறப்பது, நடுச்சக்கரம் இரண்டையும் இணைப்பது. புள்ளிக்கு எதிரே புள்ளி வைத்துத்தான் மாட்ட வேண்டும். ஒரு பல் மாறினாலும், மேலே ஏறும் பிஸ்டனும் கீழே இறங்கும் வால்வும் முட்டிக்கொள்ளலாம். முட்டினால் இன்ஜின் போச்சு. அவர் சரியாகத்தான் மாட்டியிருந்தார். பிறகு யூடியூபில் பார்த்தபடி, ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்திருக்கிறார். கீழ்ச் சக்கரத்தின் புள்ளி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மேலே உள்ளதும் வந்துவிட்டது. நடுச்சக்கரத்தின் புள்ளிகள் மட்டும் எங்கோ ஒதுங்கி நின்றன.

"பல்லு சாடிப்போச்சு. ரெண்டு மட்டம் கழத்தி மாட்டிட்டேன். அப்பவும் இப்படித்தான்."

மூன்றாவது தடவை கழற்ற போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். அது வழுக்கி விழுந்தது, எடுத்து மறுபடி வைத்தார். இந்த மனிதர் பயந்து நான் பார்த்ததே இல்லை. கடலில் படகு கவிழ்ந்து இரவு முழுக்க மிதந்து வந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர். அவர் பயந்தால் நான் என்ன ஆவது? பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். "குரங்கு கையில பூமாலை குடுத்த மாதிரி எதுக்கு இதைப் போய்த் தொட்டீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சூடு ஏறத் தொடங்கியிருந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நானும் குனிந்து பார்த்தேன். பைப்பைப் பிடித்து அவர் மறுபடி மெதுவாகச் சுற்றினார். கீழ்ப் புள்ளி வந்தது. நடுவில் இருந்தது இந்தத் தடவை வேறோர் இடத்தில் நின்றது. பல் சாடியிருந்தால், அதாவது ஒரு பல் தாண்டி மாட்டியிருந்தால், ஒரே இடத்தில்தானே தவறி நிற்க வேண்டும்? இது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு தள்ளித் தள்ளிப் போனது.

"நடுவில இருக்கதுக்கும் கீழ இருக்கதுக்கும் பல்லு ஒரே எண்ணிக்கையா?"

"இல்ல. நடுவில உள்ளதுக்குக் கூடுதல்."

"இரட்டியா?"

"இரட்டியும் இல்ல. ஏதோ ஒரு கணக்கு."

எனக்கு எங்கள் ஆஃப், லீவு நாள், ஞாபகம் வந்தது. எனக்கு ஐந்து நாள் டூட்டி, ஆறாவது நாள் ஆஃப்; அவருக்கு வாராவாரம் வெள்ளிக்கிழமை. என் ஆஃப் வெள்ளியில் வந்து விழ ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் தள்ளித் தள்ளிப் போகும். அதனால் டூட்டியில் தப்பு என்று அர்த்தமா? சேருகிற நாள் வரவில்லை, அவ்வளவுதான்.

"கழத்தாதீங்க. நம்ம ஆஃப் மாதிரித்தான் இது. சுத்திக்கிட்டே இருங்க, சேரும்."

அவர் என்னை முறைத்தார். "எங்கயாவது முட்டிச்சுன்னா?"

"முட்டினா கைக்குத் தெரியாதா? மெதுவா சுத்துங்க."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நிச்சயம் இல்லை. டீசல் இன்ஜினைக் கையால் சுற்றுவது லேசான காரியம் இல்லை. இறுகும்போதெல்லாம் முட்டிவிட்டது என்றே நினைத்தேன். ஒரு கட்டத்தில் அவர் கை ஓய்ந்துவிட்டது. நானும் பைப்பைப் பிடித்தேன். மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை சுற்று என்று யார் எண்ணினார்கள்! திடீரென்று அவர் பைப்பை விட்டுவிட்டுக் குனிந்தார். மூன்று சக்கரங்களிலும் புள்ளிக்கு நேரே புள்ளி நின்றது. அவர் மணலில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

மாலையில் எல்லாவற்றையும் மூடிச் சாவியைத் திருப்பியபோது வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு டக் டக் என்று இடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. "டீசல் லைன்ல காத்துட்டி" என்றார். பம்ப் பக்கத்தில் ஒரு நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார். புகை மெல்ல அடங்கியது. இன்ஜின் ஒரே சீராக ஓடியது. அந்த இரவு இரண்டு பேரும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினோம்.

சனிக்கிழமை கபீல் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கீழே குனிந்து ஆயில் ஒழுகுகிறதா என்று தேடினார். ஒரு சொட்டு இல்லை. "ஸைன், ஸைன்", நன்றாக இருக்கிறது என்று கபீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரும் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான், வண்டியை விற்றாயிற்று என்று எங்களுக்குப் புரிந்தது. வாங்குகிறவரிடம் ஏற்கெனவே டிரைவர் இருக்கிறான் என்றார் கபீல். திட்டவில்லை, கத்தவில்லை. என் கணவரின் தோளைத் தட்டி, நல்ல ஆள் நீ, ஊருக்கு டிக்கெட் நானே எடுத்துத் தருகிறேன் என்றார்.

இவர் சாவியைக் கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல், புது சீல் போட்டிருக்கிறது, இரண்டு நாள் ஆயிலைப் பார்த்துக்கொள் என்று வாங்கியவருக்குக் கையை ஆட்டிச் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

லாரி ரோட்டில் ஏறித் திரும்பியது. கொஞ்ச தூரம்வரை அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல்.

"வண்டி ஓடாதோன்னுதானேட்டி நாம பயந்தோம்" என்றார் அவர்.