இருபத்தைந்தாம் கோடு

கலிபாவின் கையிலிருந்து கண்ணாடி எதுவும் விழுந்து உடைந்ததில்லை. அக்-ஜார் என்ற கிர்கிஸ் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் வேதியியல் கூடத்தில் பத்தொன்பது வருஷம் உதவியாளராக இருந்தவள். குடுவைகளையும் சோதனைக் குழாய்களையும் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவித் துடைத்து அடுக்கி வைப்பாள். கடைசியில் வாத்தியார் பிஷ்கெக்குக்கு வேலை மாறிப் போனார், வேறு ஆள் வரவில்லை, கூடத்தைப் பூட்டினார்கள். சாவியை ஒப்படைத்த அன்றைக்கும் ஒரு குழாய்கூடக் குறையவில்லை. அதைக் கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

அப்புறம் எட்டு வருஷம் வீடும் மாடும்தான். புருஷன் ஒஸ்மோன் சந்தையில் கால்நடை வாங்கி விற்பவன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் கையில் கண்ணாடி இல்லாத வாழ்க்கை கலிபாவுக்கு உப்பில்லாத சோர்ப்பா சூப் மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில்தான் வட்டார நகரத்தில் பால் தொழிற்சாலை வந்தது. அதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்.

"பத்து மாடு வெச்சிருக்கிறவங்க எப்படியும் பொழைச்சுக்குவாங்க. ஒத்தை மாடு வெச்சிருக்கிற வீடும் மேல வரணும். யாரையாவது வழியில விட்டுட்டுப் போனா அதுக்குப் பேரு வளர்ச்சி இல்லை."

கலிபா எல்லோரையும் விட அதிகமாகக் கை தட்டினாள். முப்பது வீடுகளைச் சேர்த்தார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் பால் வாங்கும் கொட்டகை போட்டார்கள். பாலை அளந்து பார்த்து வாங்கும் வேலை கலிபாவுக்கு வந்தது. பாலில் மிதக்கவிட்டால் தண்ணீர் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடிப் பால்மானியை ஊரில் கை நடுங்காமல் பிடிக்கத் தெரிந்தவள் வேறு யார் இருக்கிறாள்?

முப்பதாவது பெயராக ஜெய்னெப்பைச் சேர்த்ததே கலிபாதான். ஜெய்னெப் பத்து வருஷத்துக்கு முன்னால் தெற்கிலிருந்து குடியேறி வந்தவள், ஆற்றங்கரையில் மண்வீடு. புருஷன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். முதல் வருஷம் பேசினான், இரண்டாம் வருஷம் பேசவில்லை. மூன்று பிள்ளைகள், நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த கஷ்கா என்ற ஒரு பசு. பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை. வகுப்பில் கிடக்கும் சாக்பீஸ் துண்டைக்கூட மேசைமேல் எடுத்து வைத்துவிட்டுப் போகிறவள். இது கலிபாவுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் கலிபாவை இரவும் பகலும் அரித்தது இதுதான்.

தொழிற்சாலையிலிருந்து ஒரு இளைஞன் வந்து பயிற்சி கொடுத்தான். பால்மானியை எப்படி விடுவது, கோட்டை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொண்டே போனான். கலிபா பக்கத்திலிருந்தவளிடம், "இவன் தொட்டில்ல கிடந்தப்பவே நான் இதெல்லாம் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ" என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குசுகுசுப்பில் ஒரு வாக்கியம் காதில் விழாமல் போயிற்று. கறந்த சூட்டோடு அளக்காதே, பால் இருபது டிகிரிக்கு ஆறட்டும் என்ற வாக்கியம். அதற்காகத்தான் பால்மானியோடு ஒரு வெப்பமானியும் கொடுத்தார்கள். கலிபா அதைப் பஞ்சு சுற்றி, டப்பாவிலேயே வைத்து, அலமாரியின் மேல்தட்டில் பத்திரப்படுத்தினாள். உடைந்துவிடக் கூடாது அல்லவா.

ஏப்ரல் மாதம். விடியலில் இன்னும் பனி உறைந்து கிடக்கும். மற்ற வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி உண்டு. ராத்திரிக் கறந்ததைக் குளிரவைத்து, காலைப் பாலையும் அதோடு கலந்து, சாவகாசமாகக் கொண்டுவருவார்கள். ஜெய்னெப் சாயங்காலப் பாலைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டு காலைப் பாலை மட்டும்தான் விற்பாள். ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். கறந்ததும் வாளியைப் புருஷனின் பழைய கம்பளிக் கோட்டால் சுற்றி, பால் உறைந்துவிடாமல் அணைத்துக்கொண்டு, முதல் ஆளாக ஓடி வருவாள்.

முதல் நாள் பால்மானி இருபத்தைந்தாம் கோட்டில் நின்றது. இருபத்தேழுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் கலந்த பால் என்று கணக்கு. கலிபா யாருக்கும் கேட்காமல், "இன்னிக்கு எடுத்துட்டுப் போயிடு" என்றாள். இரண்டாம் நாளும் இருபத்தைந்துதான். மூன்றாம் நாள் பின்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். கலிபாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இங்க பாரு ஜெய்னெப், மாடு தண்ணி குடிக்கலாம். வாளி குடிக்கக் கூடாது."

வரிசை சிரித்தது. ஜெய்னெப்பின் முகம் வெளுத்தது.

"என் புள்ளைங்க மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலக்கா."

"சத்தியத்தை அளக்க எங்கிட்டக் கருவி இல்லை. நான் பொய் சொன்னாலும் சொல்லுவேன், கண்ணாடி பொய் சொல்லாது."

பக்கத்து வீட்டுப் புருல்கான் சுருக்கென்று பேசுகிறவள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுக்குள்ள பாம்பு வந்தாக்கூட நாம பாலைத் தெளிச்சுத்தான் வெளிய அனுப்புவோம். நீ பாலோட வந்தவளையே அனுப்பறியே கலிபா."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள் கலிபா. ஜெய்னெப் அந்தக் கம்பளிக் கோட்டைத் திரும்ப வாளியில் சுற்றிக் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரே வாரத்தில் அவள் 'தண்ணி ஜெய்னெப்' ஆனாள். பன்னிரண்டு வயது மகள் ஆய்தையைப் பள்ளிக்கூடத்தில் 'தண்ணி' என்றே கூப்பிட்டார்கள். முப்பதாவது இடத்தில் ஆறு மாடு வைத்திருந்த ஒரு வீட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். பால் பணத்தில் மற்றவர்கள் கூரைக்குத் தகரம் மாற்றினார்கள், சலவை இயந்திரம் வாங்கினார்கள். இதெல்லாம் தன்னால் வந்தது என்று கலிபாவுக்குப் பெருமை.

ஜூன் மாத முதல் ஞாயிறு, ஒஸ்மோன் சந்தையிலிருந்து ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு வந்தான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

"தீவனம் வாங்க முடியாம வித்துட்டா. தண்ணிப் பால் மாடுன்னு ஊரே சொல்லுது, ஒருத்தனும் கிட்ட வரல. பாதி விலைக்குத் தட்டிட்டேன்" என்றான் மீசையைத் தடவிக்கொண்டு. "உன் வாய்க்கும் ஒரு விலை இருக்குடி. இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

அந்தச் சொல் கலிபாவுக்கு எங்கோ குத்தியது. மறுநாள் விடியலில் கஷ்காவைத் தானே கறந்தாள். தண்ணீர் ஊற்றாமல் கறந்தால் எத்தனை வருகிறது என்று பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தாள். நுரை அடங்குமுன் பால்மானியை விட்டாள்.

இருபத்தைந்து.

தன் கை, தன் வாளி, தண்ணீர்க் குழாய் இருபதடி தள்ளி. திரும்ப விட்டாள், அதே கோடு. பாலை அப்படியே நிழலில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள், வேலை ஓடவில்லை. திரும்பி வந்து ஆறிக் கிடந்த அதே பாலில் விட்டாள். இருபத்தொன்பது.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கினாள். பஞ்சுக்குள் வெப்பமானி புத்தம் புதிதாகக் கிடந்தது. பால்மானியின் தண்டைத் திருப்பிப் பார்த்தாள். 'இருபது டிகிரி' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் அதன்மேல்தான் விரலை வைத்துப் பிடித்திருந்தாள். பத்தொன்பது வருஷம் கண்ணாடி கழுவியவளுக்குச் சூட்டில் எதுவும் இலேசாகும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும், எதிரில் நிற்பவள் ஏழை என்பதால் தண்ணீர்தான் முதலில் ஞாபகம் வந்தது. அதே இருபத்தைந்து புருல்கானின் வாளியில் நின்றிருந்தால் கருவியைத்தான் சந்தேகப்பட்டிருப்பாள். இதை நினைத்ததும் கலிபா வைக்கோல் போரின் பின்னால் போய் உட்கார்ந்து தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கம் உடம்பெல்லாம் சுட்டது.

வெட்கப்பட்டவள் உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் சொல்லவில்லை. நான்காம் நாள் ஒரு மூட்டை மாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். ஜெய்னெப் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"உனக்காக நான் தொழிற்சாலைக்காரங்க கிட்டப் பேசியிருக்கேன் ஜெய்னெப். உன் மாட்டையும் திருப்பித் தரச் சொல்றேன். நாளையிலேருந்து நீ பால் கொண்டு வரலாம். பழசையெல்லாம் மறந்துடுவோம்."

ஜெய்னெப் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மன்னிச்சு விட்டுட்டீங்களாக்கா?"

கலிபா மாவு மூட்டையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"நீங்க மன்னிச்சு நான் வாங்கிக்கிட்டேன்னா, தண்ணி ஊத்தினவ நான்னு ஆயிடும். மாவை எடுத்துட்டுப் போங்க. டீ போடறேன், குடிச்சுட்டுப் போங்க."

பால் இல்லாத டீ. கிர்கிஸ் வீட்டில் விருந்தாளிக்குப் பால் விடாத டீ கொடுப்பது எவ்வளவு பெரிய குறை. ஜெய்னெப் அதற்காகத் தலை குனிந்தாள். குனிய வேண்டிய கலிபா நிமிர்ந்து உட்கார்ந்து அதைக் குடித்தாள்.

மறுநாள் காலை கஷ்காவின் கயிற்றை அவிழ்த்தாள். ஒஸ்மோன் வாசலை மறித்தான்.

"காசு குடுத்து வாங்கின மாடுடி. இன்னிக்கு மாடு, நாளைக்குத் தொழுவத்தையும் தூக்கிக் குடுப்பியா?"

"அது என் நாக்கால விலை குறைஞ்ச மாடு. நீ வழியை விடு."

நடுத்தெருவில் மாட்டை ஓட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். எல்லோரும் வாளிகளோடு நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் குந்தி உட்கார்ந்து கறந்தாள், பால்மானியை விட்டாள்.

"புருல்கான், நீயே படி."

"இருபத்தஞ்சு" என்றாள் புருல்கான். "என்னடி, உன் வாளியும் தண்ணி குடிக்குதா?"

கலிபா பாத்திரத்தை ஓடையின் பனித்தண்ணீரில் இறக்கி வைத்தாள். வெப்பமானி இருபதுக்கு வந்ததும் எடுத்து மறுபடி அளக்கச் சொன்னாள். இருபத்தொன்பது.

"பால் சூடா இருந்தா கோடு கீழ இறங்கும். அதைப் பாக்காம அளந்தவ நான். அவ ஊத்தல. ஒரு சொட்டும் ஊத்தல. அவளைத் திருடின்னு சொன்ன வாய் இது."

அன்றைக்குச் சிரித்தவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கஷ்கா 'ம்மா' என்று கத்தியது. துடைப்பத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஜெய்னெப் பாலத்தின்மேல் நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கலிபா கயிற்றைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தாள்.

"மாட்டை வாங்கிக்கறேன்" என்றாள் ஜெய்னெப். "உங்க வீட்டுக்காரர் குடுத்த பணத்தைத் திருப்பிக் குடுத்துடுவேன். ஆனா என் பொண்ணு லீவுக்கு முந்தி ஒரு மாசமாப் பள்ளிக்கூடம் போகலக்கா, திறந்தாலும் போகமாட்டேங்கறா. அந்தப் பேரை எந்தச் சந்தையில குடுத்துட்டு வர்றது?"

கலிபா கொட்டகைக்குத் திரும்பி அடுத்த வாளியை எடுத்தாள்.

மறுநாள் ஜெய்னெப் முதல் ஆளாக வந்தாள். கம்பளிக் கோட்டு இல்லை. வாளியை ஓடையில் வைத்துக் குளிரவைத்தே கொண்டுவந்திருந்தாள். கூட ஆய்தை, தலையைக் குனிந்தபடி.

"உன் பாலை அளக்க வேண்டாம்" என்றாள் கலிபா.

"அளங்க. சத்தமாப் படிங்க."

கலிபா பால்மானியை விட்டாள்.

"இருபத்தொன்பது."

"கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவை."

அந்தக் கோடைக்காலம் முழுவதும், தினமும் இப்படித்தான். ஜெய்னெப் கோபமாகச் சொல்ல மாட்டாள், விடவும் மாட்டாள். ஆய்தை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, யாரும் கேட்காமலேயே, கலிபா கொட்டகையை விட்டு வெளியே வந்து பாலத்தின் அந்தப் பக்கம் போகும் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி படித்தாள். ஆய்தை புத்தகப் பையோடு வாளி அருகில் நின்றிருந்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள். அது ஆய்தையின் குரல்.

கலிபா இன்னொரு தடவை படித்தாள்.