பாசில் எழுத வேண்டிய பெயர்

அக்காவின் மகளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டையும் தந்தவர் அவளுடைய தகப்பன், என் அத்தான். அக்கா மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது, உப்புவெளிக் கடற்கரையில் நடந்துகொண்டே, பெண் பிள்ளை என்றால் இதுதான் பெயர் என்று முதலாவதைச் சொன்னாராம்: முத்தெழில்நங்கை. அதற்குப் பத்து நாளைக்குள் ஒரு காலைச் சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது பெயர் ஏழு மாதம் கழித்து, தெற்கே ஒரு தடுப்பு முகாமிலிருந்து கடிதத்தில் வந்தது: சுபசுலோசனாதேவி.

எது அவருடைய உண்மையான விருப்பம் என்று கேட்க அவர் பக்கத்தில் இல்லை. அந்தப் பங்குனியிலும் சித்திரையிலும் எங்கள் வீட்டில் வேறு கதை அதிகம் நடக்கவில்லை.

நான் தங்கை, அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பை முடித்துவிட்டு, துறைமுகப் பக்கம் ஒரு அலுவலகத்தில் பயிலுநராக இருந்தேன். மதகு, வாய்க்கால், சுற்றுமதில் என்று பொறியியலாளர் பென்சிலில் கீறித் தருவதை மெல்லிய தாளில் மையால் பிரதியெடுப்பது என் வேலை. அம்மா இறந்த பிறகு வீட்டுப் பொறுப்பும் என்னிடம் வந்தது. அதையும் அலுவலக வேலை போலவே செய்தேன். சங்கக்கடையில் வாங்க வேண்டியவை, அப்பா மருந்துக் குளிசை எடுக்கும் நேரங்கள், அக்காவின் கிளினிக் நாட்கள் எல்லாம் ஒரு கொப்பியில் வரிசையாக இருக்கும். செய்து முடித்ததற்குச் சரி போடுவேன்.

கடிதம் ஒரே ஒரு தாள். இரண்டு இடத்தில் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். மிச்சம் இவ்வளவுதான்: மகள் பிறந்த செய்தி கிடைத்தது, நீரும் பிள்ளையும் சுகம் என்றதில் சந்தோஷம், பார்க்க வர அனுமதி கிடைத்தால் ஒரு துவாயும் பற்பசையும் கொண்டுவாரும், மகளுக்கு சுபசுலோசனாதேவி என்று பெயர் வையும்.

அக்கா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு மடித்தாள்.

"இது அவற்ர பேர் இல்லை."

"கையெழுத்து அவற்ரதானே?" என்றார் அப்பா.

"கையெழுத்து அவற்ர. பேர் அவற்ர இல்லை. ஆரோ பக்கத்தில நிண்டு பாக்கேக்க எழுதியிருக்கிறார்."

அப்பா ஓய்வுபெற்ற தபால் அதிபர். "முப்பது வருசம் தபால் கந்தோரில இருந்தனான். எழுதிக் கையெழுத்து வைச்சு முத்திரையும் ஒட்டினால் அதுக்குப் பிறகு கதை இல்லை."

"சுலோசனம் எண்டால் என்னப்பா? மூக்குக்கண்ணாடி. என்ர பிள்ளைக்குக் கண்ணாடிக்கடைப் பேரோ?"

"தேவி எண்டு முடியுதெல்லோ. அம்பாள் மாதிரி."

"அவர் கோயிலுக்கு வந்தாலும் செருப்புக்குக் காவல் எண்டு வெளியில நிக்கிற மனுசன். அவருக்கு எங்கயிருந்து அம்பாள் வந்தவ?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. பெயர் அவளுக்குப் பெயராக மட்டும் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதே கொஞ்சம் விளங்கியது. முகாமிலிருந்து வருகிற ஆட்களைப் பற்றி ஊரில் கேள்விப்பட்டிருந்தோம். ஆள் வருவார், பழைய ஆளாக வரமாட்டார் என்பார்கள். கடற்கரையில் அந்தப் பெயரைச் சொன்ன மனிதர் இன்னும் இருக்கிறாரா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முப்பத்தொராம் நாள் துடக்குக் கழித்தோம். வீடு கழுவி, ஐயர் வந்து தீர்த்தம் தெளித்து, பிள்ளையை மடியில் வைத்தாயிற்று. தகப்பன் வலது காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லையென்றால் தாய்மாமன். எங்களுக்கு ஆண் சகோதரம் இல்லாதபடியால் அப்பா குனிந்தார். அக்கா தன் உள்ளங்கையால் பிள்ளையின் காதைப் பொத்திப் பிடித்தாள்.

"அவர் சொல்லட்டும்" என்றாள்.

ஐயர் அப்பாவைப் பார்த்தார். அப்பா நிமிர்ந்து, "சரி, சாப்பாட்டைப் போடுங்கோ" என்றார்.

பெயரில்லாமல் இன்னும் ஒரு மாதம் போனது. பிறகு பார்க்க வரலாம் என்று முகாமிலிருந்து அறிவித்தல் வந்தது. மனைவி, பிள்ளை, துணைக்கு ஒருவர். போகிறவர்களின் பெயர்களை உறுதிப்படுத்தி கிராம சேவகர் பாஸ் எழுதித் தர வேண்டும். அவரை நாங்கள் விதானையார் என்றுதான் சொல்வது. அவருடைய வீட்டு முன்னறையில் கதிரைகள் போதாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"பிள்ளையின்ர பேர்?"

"இன்னும் வைக்கேல்லை" என்றாள் அக்கா.

"பேரில்லாத ஆளுக்குப் பாஸ் எழுத ஏலாது பிள்ளை. பெண் குழந்தை ஒண்டு எண்டு எழுதிவிட்டால், அங்க நிக்கிறவன் எந்தப் பெண் குழந்தை எண்டு கேப்பான். நான் இஞ்சயிருந்து என்னெண்டு பதில் சொல்லுறது?"

"இப்ப ஒரு பேரை எழுதிப்போட்டுப் பிறப்புப் பதிவில மாத்தலாமோ?" என்று அக்கா கேட்டாள்.

"பாசில ஒண்டு, பதிவில ஒண்டெண்டால் அடுத்த முறை வாசலோட திருப்பிப்போடுவாங்கள். என்ன பேர் யோசிச்சு வைச்சிருக்கிறீங்கள்?"

அக்கா முதல் பெயரைச் சொன்னாள். விதானையார் பேனாவை மேசையில் வைத்தார். கதவைப் பார்த்தார்.

"நல்ல பேர். வடிவான பேர். ஆனால் இந்தப் பேரை எழுதித் தந்துபோட்டு நான் நித்திரை கொள்ள மாட்டன். வெள்ளிக்கிழமைக்கு முதல் யோசிச்சுப்போட்டு வாங்கோ."

அந்தக் காலத்தில் தனித்தமிழ்ப் பெயர் என்றால் சென்றிக் காவலரண்களில் இரண்டாம் தரம் கேட்பார்கள். இயக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு அப்படியான பெயர்கள்தான் வைத்தார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயருக்கும் அதே பார்வைதான் கிடைத்தது. வடமொழிப் பெயர் என்றால் சிங்களவரிடமும் அந்த மாதிரி உண்டு. கேட்கிறவனுக்கும் வாயில் வரும்.

அன்று பின்னேரம் நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மெல்லிய தாளில் இரண்டு பெயரையும் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மையால் எழுதினேன். கீழே ஒரு அட்டவணை. தகப்பன் எழுத்தில் தந்தது, வாசலில் பிரச்சினை வராதது, நட்சத்திரத்துக்கு ஒத்த முதலெழுத்து, தாய்க்குப் பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் நேரே சரி அல்லது புள்ளடி. காய்ந்த பிறகு குசினிக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவள் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தாள்.

"இது என்ன, பாலமோ கட்டப் போறாய்?"

"ஒழுங்காய் எழுதிப் பாத்தால் முடிவு தெரியும் அக்கா."

"முடிவு உனக்கு முதலே தெரியும். அதைச் சொல்லப் பயந்து கோடு கீறிக்கொண்டு வந்திருக்கிறாய்."

அது உண்மை. அவள் தாளை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் புட்டுக்குழலை இறக்கினாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"பாசுக்கு அந்தக் கண்ணாடிக்கடைப் பேரையே எழுதட்டும். அவர் பிள்ளையைப் பாக்க வேணும், அவ்வளவுதான். ஆனால் காதில சொல்லுறது அவர். அவற்ர வாயால எது வருதோ அதுதான் பதிவு. அதுக்குப் பிறகு உள்ளுக்கு விடாட்டிலும் பரவாயில்லை."

அவள் சொன்னதைச் செய்கிறவள். அத்தான் முதல் பெயரைச் சொன்னால் பிறப்புப் பதிவு அதுவாகத்தான் இருக்கும், அடுத்த முறை வாசலில் திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவதைச் சொன்னால், கடற்கரையில் நடந்த மனிதரை அவள் இழந்துவிடுவாள். எது நடக்க வேண்டும் என்று விரும்புவது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பாஸ் கிடைத்தது. அடுத்த கிழமை நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். கந்தளாய் போவதற்குள் மூன்று இடத்தில் சோதனைக்கு இறங்கி ஏறினோம். ஒவ்வொரு இடத்திலும் அக்கா பாசை நீட்டினாள், வாயால் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை முகாம் வாசலில் வரிசையில் நின்றோம். துவாயைப் பிரித்துப் பார்த்தார்கள். பற்பசையை நசுக்கிப் பார்த்தார்கள். என் பையிலிருந்த, கோடு கீறுகிற அடிமட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பார்க்கிற இடம் ஒரு நீளமான கொட்டில். நடுவே இரண்டு கம்பி வலைகள், ஒன்றுக்கொன்று ஒரு கை தூரம். அந்த இடைவெளியில் ஒரு காவலாளி நடந்துகொண்டிருந்தான். அந்தப் பக்கம் இருபது ஆண்கள், இந்தப் பக்கம் இருபது குடும்பங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அத்தானை முதலில் நான்தான் கண்டேன். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார்.

அக்கா பிள்ளையை வலைக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு உம்மட மூக்கு" என்றார்.

"காதில இன்னும் பேர் சொல்லேல்லை" அக்கா சத்தமாகச் சொன்னாள். "நீங்கள்தான் சொல்ல வேணும்."

"கடிதத்தில எழுதினனானே?"

"அது யோசிச்சு எழுதினதோ, பயத்தில எழுதினதோ?"

காவலாளி அந்த முனைக்குப் போயிருந்தான். அத்தான் வலையில் நெற்றியை வைத்தார்.

"பயத்திலதான்."

அக்காவின் முகம் மாறியது. இனி அவர் மற்றப் பெயரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"பயந்துதான் எழுதினனான். பயந்துதான் இப்பவும் சொல்லுறன்" என்றார் அவர். "என்ர பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லித்தானே என்னை வரிசையால வெளியில எடுத்தவங்கள். என்ர பேரால நான் பட்டது காணும். அவள் படக்கூடாது. ஒரு தகப்பன் பயப்பிடக்கூடாதோ?"

அத்தானுடைய பெயரும் தனித்தமிழ்ப் பெயர். அவருடைய தகப்பன் ஆசையாக வைத்தது. எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. அதனாலோ என்னவோ, இரண்டு மாதம் வாதாடியும் எங்கள் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. என் அட்டவணையிலும் அதற்கு இடம் இருக்கவில்லை.

அக்கா பிள்ளையின் வலது காதை வலைப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். மெதுவாகச் சொல்ல வேண்டிய பெயர். ஆனால் இரண்டு வலைக்கும் அத்தனை சத்தத்துக்கும் அப்பால் அது கேட்க வேண்டுமே. அத்தான் கைகளை வாயருகே குவித்துக் கத்தினார். சுபசுலோசனாதேவி. மூன்று முறை. மூன்றாவது முறை பக்கத்துக் குடும்பங்கள் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தன. பிள்ளை அழத் தொடங்கியது.

திரும்பி வந்துகொண்டிருந்த காவலாளி நின்றான். "லஸ்ஸன நமக்" என்றான். அழகான பெயராம். அத்தான் அவனைப் பார்த்துத் தலையாட்டினார், சிரிக்கவும் சிரித்தார். அக்கா அந்தத் தலையாட்டலைக் கனகாலம் மறக்கவில்லை.

பத்து நிமிடத்தில் விசில் ஊதினார்கள்.

திரும்பி வரும்போது ஹபரணை தாண்டியதும் அவள் கேட்டாள்:

"உன்ர தாளில அந்தப் பேருக்கு எத்தினை சரி போட்டனி?"

"மூண்டு."

"மற்றதுக்கு?"

"ஒண்டு. உனக்குப் பிடிச்சது எண்ட இடத்தில."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் பாசைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் காட்டி ஏதோ கேட்டான். அக்கா முழுப் பெயரையும் நிதானமாகச் சொன்னாள். அவன் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே அந்தப் பெயரில் பிறப்பைப் பதிந்தோம். இவ்வளவு நீளம் தேவையோ, தேவியை விடலாமே என்று பதிவாளர் கேட்டார். தகப்பன் சொன்னது இவ்வளவும்தான், இவ்வளவையும் எழுதுங்கோ என்றாள் அக்கா.

ஆனால் வீட்டில் அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மற்றப் பெயரையும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அவள் பிள்ளைதான். பிள்ளை எழும்பிவிட்டாள், பிள்ளை சாப்பிட்டாளா, பிள்ளை அம்மப்பாவின் கண்ணாடியை உடைத்துப்போட்டாள். இப்படியே அவள் நடக்கவும் ஓடவும் பழகினாள். அத்தான் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் முழுப் பெயரையும் எழுதி விசாரிப்பார். அக்கா பதிலில் "மகள் சுகம்" என்று எழுதுவாள். நான்கு முறை போய்ப் பார்த்தோம். வாசலில் ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பவில்லை.

பிள்ளைக்கு இரண்டு வயதாக ஒரு மாதம் இருக்கும்போது அவரை விட்டார்கள். அறிவித்தல் ஒன்றும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை பகல் படலை திறந்த சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பையுடன் அவர் நின்றார். பிள்ளை முற்றத்தில் குந்தியிருந்து ஒரு பேணிக்குள் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அவர் அவளை முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டார். கம்பிகளுக்கு அப்பால் கத்திய அதே பெயர், இந்த முறை மெதுவாக.

அவள் திரும்பவில்லை. அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இவர் யாரைத் தேடி வந்திருக்கிறார் என்கிற மாதிரிப் பார்வை. அத்தானுக்கு விளங்கிவிட்டது. பையைக் கீழே வைத்தார்.

அக்கா குசினி வாசலில் கை ஈரத்துடன் நின்றாள். அவரைப் பார்த்தபடியே அவள் அந்தப் பெயரைச் சொன்னாள், ஒரு எழுத்துக்கூட விடாமல். பிள்ளை தாயின் பக்கம் திரும்பினாள்.

"உன்னைத்தான் பிள்ளை" என்றாள் அக்கா. "அப்பா உன்னைத்தான் கூப்பிடுறார். போ."