ஆலோசனை சொல்லக் கூடாத மாடி

என் மகளுக்குக் கரு கலைந்துபோன செய்தி எனக்குச் சம்பந்தியம்மா மூலமாகத்தான் வந்து சேர்ந்தது. தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கேசரியை இலையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே, "பாவம், போன மாசம் அது கலைஞ்சதுலேர்ந்து பொண்ணு ரொம்ப இளைச்சுட்டா" என்றார். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று காட்டிக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. "ஆமா, ஆமா" என்று தலையாட்டினேன். பாயசத்துக்குக்கூட நிற்காமல் கைகழுவிவிட்டு, மண்டபத்து வாசலில் ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே நின்று மகளுக்குப் போன் போட்டேன்.

"ஏண்டி, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும்மா. வண்டி ஓட்டாதேன்னு சொன்னேனே, கேட்டியான்னுதான் சொல்லுவ. டாக்டரே அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னுட்டாங்க."

"சொன்னேனா இல்லையா? தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். அவள் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போய் வருகிறாள். நான் சொன்னதில் என்ன தப்பு என்று அன்று இரவு முழுக்க என் கணவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பாதியிலேயே தூங்கிவிட்டார்.

அதற்கப்புறம் மகளோடு பேச்சு நின்றுவிடவில்லை, அதுதான் கொடுமை. தினமும் போன் வரும். "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "என்ன கொழம்பு?" "வத்தக்கொழம்பு." "அப்பா என்ன பண்றாரு?" "டிவி பாக்கறாரு." இவ்வளவுதான். என் வயிற்றில் பிறந்தவளின் வாழ்க்கையில் எனக்கு மிச்சமிருந்தது குழம்பு மட்டுமே. இப்படியே போனால் அவளைப் பற்றிய மற்ற செய்திகளை எல்லாம் இனி பந்தியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போர்டில் தப்பான விடையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. ஊரில் பலபேருடைய வாழ்க்கை எனக்கு இரண்டாவது படியிலேயே தப்புப் போட்ட கணக்காகத்தான் தெரியும். யாராவது திருத்த வேண்டாமா?

இந்தப் புலம்பலை எல்லாம் நான் கொட்டியது எங்கள் பார்லர்காரப் பெண்ணிடம். புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனை அவள் பல்லில் இருக்கும், அதனால் குறுக்கே பேச மாட்டாள். அன்றைக்கு நூலை எடுத்ததும் சொன்னாள்: "டீச்சர், எங்க வூட்டாண்ட ஒரு தம்பி தியானம் சொல்லித் தர்றாரு. புத்தர் தியானம். துட்டு ஒண்ணும் கேக்கறதில்ல. வாயத் தொறக்காம எப்டி அடுத்தவங்க பேசறத கேக்கறதுன்னு அங்க சொல்லித் தர்றாங்க. எனக்கே தலவலி நின்னு பூட்ச்சுன்னா பாத்துக்கோங்களேன்."

வாயைத் திறக்காமல் கேட்பதை அவளே கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பதை நம்பத்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் அடுத்த ஞாயிறு போனேன். கிளம்பும்போது என் கணவர், "அங்க சுண்டல் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இது ரொம்ப நாள் ஓடாது" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்குப் பின்னால் ஒரு தெரு. மாடியில் ஷீட் போட்ட அறை, நீளமாக விரித்த பாய்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் அந்தத் தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குரலை உயர்த்தியே பழக்கமில்லாத பிள்ளை. மூலையில் இருந்த புத்தர், அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்த சிலை. வாரா வாரம் யாராவது அவருக்குக் குங்குமம் வைத்துவிடுகிறார்கள். முதலில் தம்பி துடைத்துப் பார்த்தாராம். அப்புறம் அதையும் மனதார ஏற்றுக்கொள்வது தன் பயிற்சி என்று விட்டுவிட்டார். நான் போன அன்றைக்குப் புத்தர் கழுத்தில் ரெண்டு முழம் மல்லிகை வேறு.

அரைமணி நேரம் மூச்சைக் கவனித்தோம். என் மூச்சு நன்றாகத்தான் இருந்தது, பக்கத்தில் இருந்தவர் மூச்சுதான் சரியில்லை. அப்புறம் வட்டமாக உட்காரச் சொன்னார். பேச விரும்புகிறவர் கைகூப்பிவிட்டு மனதில் இருப்பதைச் சொல்லலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். நடுவில் கேள்வி கூடாது, உச்சுக்கொட்டக் கூடாது. முக்கியமாக, ஆலோசனை சொல்லவே கூடாது. பேசி முடித்ததும் எல்லோரும் பதிலுக்குக் கைகூப்பிவிட்டு மணி ஒலிக்கும்வரை அமைதியாக இருக்க வேண்டும்.

எந்த ஊரில் வந்து இந்தப் பிள்ளை என்ன சட்டம் போடுகிறது பாருங்கள்! இது தாம்பரம். இங்கே பஸ் ஸ்டாப்பில் நின்று லேசாக இருமினால் போதும். மூன்று பேர் மூன்று கஷாயம் சொல்வார்கள், நான்காவது ஆள் தன் மச்சானுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்பார்.

அன்று பேசியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார். மனைவி போனதிலிருந்து தூக்கமே வருவதில்லை என்றார். கட்டிலில் தன் பக்கத்தை விட்டு மனைவி படுத்த பக்கம் தள்ளிப் படுக்கவும் மனசு வரவில்லையாம். சொல்லிவிட்டுக் கைகூப்பினார். நாங்களும் கூப்பினோம். அறை அமைதியாக இருந்தது. என் நாக்கு மட்டும் உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. பார்லர்காரியைப் பார்த்தேன், முந்தானையை வாயில் வைத்து அடைத்திருந்தாள்.

மணி அடித்தது. கும்பிட்டு எழுந்தோம். செருப்பு விட்ட படிக்கட்டுக்கு வந்தோமோ இல்லையோ, மடை உடைந்தது. "ராத்திரி பால்ல ஜாதிக்கா இழைச்சுப் போட்டுக் குடிங்க சார்." "கட்டிலத் திருப்பிப் போட்டுப் படு சார், வடக்க தல வெச்சுகினு கீறியோ இன்னாவோ." "மத்தியானம் தூங்கறீங்களா? அதுதான் காரணம்." நான் அவரை மூன்றாவது படியில் நிறுத்தி, காலை எழுவதிலிருந்து விளக்கணைப்பது வரை ஒரு டைம்டேபிளே போட்டுக் கொடுத்தேன். மனுஷன் ஒரு காலில் செருப்போடு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு குற்றமும் இல்லை, சட்டம் மாடிக்குத்தானே, படிக்கு இல்லையே!

அடுத்த வாரம் தம்பி, கேட் வரைக்கும் மௌனம் என்று அறிவித்தார். அதனால் ஆலோசனை தெருமுனை டீக்கடைக்கு இடம் மாறியது. ஜாதிக்காய் சாப்பிட்டதில் தூக்கம் வரவில்லை, மலச்சிக்கல்தான் வந்தது என்று சார் அங்கே சொன்னார். அதற்கும் எங்களிடம் வழி இருந்தது.

"கேக்கும்போது உள்ளுக்குள்ள ஆலோசனை வரிசைகட்டி நிக்குது தம்பி. என்ன பண்ணட்டும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விரட்டாதீங்க மேடம். அதையும் சும்மா கவனிச்சுப் பாருங்க."

கவனித்துப் பார்த்தேன். எல்லாமே நல்ல ஆலோசனைகளாகத்தான் இருந்தன.

ஆனாலும் நான் விடவில்லை. எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற ஜென்மம் இல்லை நான். பாத்திரம் தேய்க்கும்போது பாத்திரத்தை மட்டும் தேய்த்தேன். நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் உணர்ந்து நடக்க வேண்டும் என்றார்கள். அதைத் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில், ஆபீஸ் விடுகிற நேரத்தில் செய்து பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னாம்மா, கல்யாணப் பொண்ணாட்டம் அடி மேல அடி வெச்சு நடந்துகினு கீற? வண்டி பூடும், ஒதுங்கும்மா!" அடியை உணர்ந்தேனோ இல்லையோ, முதுகில் விழுந்த இடியை நன்றாக உணர்ந்தேன்.

வீட்டில் கேட்டுப் பழக என் கணவர்தான் அகப்பட்டார். அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மோட்டார் ரிப்பேர் கதையை ஆரம்பித்தார். ஆறு இடத்தில் தப்பாகச் சொன்னார். நான் திருத்தவே இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுக் கைகூப்பினேன். மனுஷன் வெலவெலத்துப் போய்விட்டார். "உனக்கு ஒடம்புக்கு என்னம்மா? சுகர் டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா?" என்றார். கட்டாயப்படுத்தி லேபுக்கும் கூட்டிப்போனார். சுகர் நார்மல்.

மகளிடமும் செய்து பார்த்தேன். குழம்பு பற்றிக் கேட்காமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் பேசட்டும் என்று காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். "ஹலோ... ஹலோ... அம்மா? லைன்ல இருக்கியா? டவர் இல்ல போலருக்கு" என்று வைத்துவிட்டாள். அன்று எனக்குத் தியானத்தின் மேலேயே கோபம் வந்தது. ஊர்க்காரர்கள் துக்கத்தை எல்லாம் வாரா வாரம் உட்கார்ந்து கேட்கிறேன், என் பெண்ணுடையதைத் தவிர.

மழை ஆரம்பித்திருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் அவளே வந்தாள். அவள் அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வந்தவள் உட்காரவில்லை. கொடியிலிருந்து எடுத்துக் குவித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். அவள் மடிக்கிற விதம் எனக்குப் பிடிக்காது, புடவை ஓரம் சேராது. ஒன்றும் சொல்லவில்லை.

"நாள் தள்ளிப் போயிருக்கும்மா. டெஸ்ட் பண்ணிட்டேன்."

கையிலிருந்த புடவையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் அத்தைக்குச் சொல்லல. உங்கிட்டதான் சொல்றேன். அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். போன தடவை எல்லாருக்கும் சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தருக்கா இல்லைன்னும் சொல்ல வேண்டியிருந்துச்சு. அதான்."

எனக்குள்ளே வரிசை கட்டிவிட்டது. பப்பாளி. படிக்கட்டு. அந்தப் பாழாய்ப்போன ஸ்கூட்டர். லீவு போடு, இங்கேயே வந்து இரு, எந்த டாக்டரைப் பார்க்கிறாய், அவர்கள் கைராசி எப்படி. நான் மூச்சை இழுத்துவிட்டேன். அவள் பேசினாள். ஆபீஸில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கை நடுங்குகிறதாம். "ஒவ்வொரு தடவ பாத்ரூம் போகும்போதும், எங்க ரத்தம் பட்டிருக்கப் போவுதோன்னு பயந்து பயந்து பாக்கறேன்மா. வேலை செய்ய முடியல, தூங்க முடியல." சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

பழக்க தோஷத்தில் கைகூப்பிவிட்டேன்.

"இதென்ன, கும்பிடற?"

"அது... எங்க மாடியில அப்படித்தான்."

"ஐயோ அம்மா!" மடித்துக்கொண்டிருந்த துணியைக் கட்டிலில் வீசினாள். "இவ்வளவு சொல்றேன், இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கியே. ஏதாவது சொல்லேன்! எப்பவும் சொல்லுவியே, சொல்லு. நான் என்ன பண்ணணும் இப்போ?"

இத்தனை மாதம் எதற்காகப் பாடுபட்டேனோ அதைத்தான் வேண்டாம் என்கிறாள். சரி, தம்பி மன்னிக்கட்டும் என்று வாயைத் திறந்தேன். பப்பாளி என்று ஆரம்பிக்கத்தான் வந்தேன், வார்த்தை வரவில்லை. இதையெல்லாம் அவள் செய்தால் மட்டும் இந்த முறை நிற்குமா? நிற்கும் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஸ்கூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். காரணம் என்று ஒன்று இல்லாவிட்டால் எனக்குத் தாங்காது, அதனால் சொன்னேன்.

"என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியலடி" என்றேன். "எனக்கும் பயமா இருக்கு. நீ சொன்னதுலேர்ந்து எனக்கும் கை நடுங்குது, பாரு."

கையை நீட்டிக் காட்டினேன். அவள் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்கா? உனக்குப் பயமெல்லாம் வருமா?"

"ஏன், நான் என்ன இரும்பா? அன்னிக்கு மண்டபத்துல உங்க அத்தை சொன்னப்போ எனக்குக் கை ஓடல, கால் ஓடல. அழுதுட்டுதான் உனக்குப் போன் பண்ணேன்."

"நீ கத்துன."

"ஆமா, கத்தினேன்."

அவள் என் பக்கத்தில், துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்தாள். நடுங்கிய என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மெதுவாகத்தான் சொன்னாள், குற்றம் சாட்டுகிற மாதிரிகூட இல்லை.

"நீ பயப்படுவேன்னு தெரிஞ்சிருந்தா, அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து உனக்குத்தாம்மா முதல்ல போன் பண்ணியிருப்பேன்."

இன்னொரு கையால் அவள் வீசிய துணியை எடுத்து மடித்தேன். ஓரம் சேரவில்லை.