என் முட்டிக்கு அவள் வேண்டுதல்

இன்று சிதம்பரம் கோயிலில் என் மனைவி அடிப்பிரதட்சணம் செய்தாள். என் முட்டிவலி குறைந்தால் செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். சுடுகிற கல்லில், வெறுங்காலோடு, அடி மேல் அடி வைத்து.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாளிடம் சொன்னாள்: “இவுரால மாடிகூட ஏற முடியலக்கா. சாமிதான் பாத்து கொணமாக்குச்சி.”

“அப்படியா தம்பி?” என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.

குடியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டியதும், குறைத்த பிறகே வலி விட்டதும் என் மனைவிக்குத் தெரியாது. நான் குடிப்பதே தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

முதுநகர் வரும்போது தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே, “இப்ப எனக்குப் புடிச்சிக்கிச்சிங்க” என்று சிரித்தாள்.

அவள் வலிக்கு நான் எதை விடுவது? மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர் மட்டும்தான். நீங்களே சொல்லுங்கள்.