ஸ்டெல்லாவின் பதினொரு நன்னாரி பாட்டில்கள்

ஸ்டெல்லா போய்விட்டாள்.

காலையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது அவள் மகள் போன் செய்தாள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க பெரிம்மா…"

என்னைவிட ஏழு வயது சின்னவள். இதென்ன வரிசை, முருகா…

இதைப் படிக்கிற பலருக்கு அவளைத் தெரியாது. தொண்ணூறுகளில் பீளமேட்டில், ஒரு பழைய மில்லுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டை லேப் ஆக்கி, பாட்டிலுக்குள் வாழைக்கன்று வளர்த்து விற்றார்கள். டிஷ்யூ கல்ச்சர். ஸ்டெல்லாதான் அங்கே இன்சார்ஜ், பி.எஸ்ஸி. பாட்டனி. நான் எட்டாவது வரை படித்தவள். பாட்டில் கழுவப் போனேன்.

இரண்டே மாதத்தில் கத்தியைக் கையில் கொடுத்துவிட்டாள். "காய் நறுக்கற கைதானுங்கக்கா. கணுவுக்கு மேல ஒரு வெட்டு, கீழ ஒரு வெட்டு. அவ்ளோதான்."

உள்ளே போகுமுன் பூ, வளையல் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். நான் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏனுங்கக்கா, அதை யாரு கழட்டச் சொன்னாங்க?" என்றாள்.

மறுநாள் என் லேப் கோட்டில் கழுத்துவரை மூடும் காலர். அவளே தைத்தது. அவளுடைய சிலுவைச் சங்கிலி மட்டும் தினமும் வாசல் ஆணியில் தொங்கும்.

வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை எனக்கு. சும்மா இருக்காது. எந்த பாட்டிலை யார் எந்தத் தேதியில் வெட்டி வைத்தோம், எது கெட்டது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வந்தேன். அதைப் பார்த்த ஸ்டெல்லா அட்டை போட்டு, மேலே என் பெயரை இங்கிலீஷில் எழுதினாள். என் பெயரை இங்கிலீஷில் எழுத நான் பழகியது அந்த அட்டையைப் பார்த்துத்தான்.

அவளுக்கு ஒரே ஆசை, நன்னாரி. மலையில் வேரோடு பிடுங்கிப் பிடுங்கிக் கொடியே அற்றுப்போகிறது, பாட்டிலில் பெருக்கலாம் என்பாள். முதலாளி சிரிப்பார். "சர்பத்துக்கு லேப்பா அம்மணி?" சரி, பண்ணிப் பார், பூஞ்சை பிடித்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும் என்றார்.

பிடித்தது. கெஞ்சி இன்னொரு தவணை வாங்கினாள். மறுபடி பிடித்தது… மழைக்காலத்தில் எடுத்த கொடிதான் அதிகம் கெடுகிறது என்று என் நோட்டைப் புரட்டித்தான் கண்டுபிடித்தாள். வெயில் காலத்துத் துளிரை எடுத்த பிறகு பாட்டில்கள் தெளிவாக நின்றன. அன்றைக்கு எனக்குக் கேக் வாங்கிக் கொடுத்தாள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

ஸ்டெல்லா லீவு. பூஜை வேலை என்னுடையது. எல்லா மெஷினுக்கும் வெளியே பொட்டு வைத்தேன். லேமினார் என்று ஒரு பெட்டி, சுத்தமான காற்று வீசும். அதற்குள் கை வைத்துத்தான் செடியை வெட்டுவோம். மூச்சு விடுகிற இடம்தானே முகம் என்று, உள்ளே காற்று வரும் வலைமேலேயே சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தேன்.

நன்னாரி நல்லபடியாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வைத்தேன்.

மறுநாள் துடைத்தும் விட்டேன். ஈரம் உள்ளே ஃபில்டர்வரை இறங்கியது எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க நன்னாரியைத்தான் வெட்டினோம். பத்தே நாளில் பாட்டில் பாட்டிலாக வெள்ளைப் பஞ்சு…

ஸ்டெல்லா நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அக்கா, பூஜைக்கு முந்தி வெட்டுனது ஒண்ணுகூடக் கெடலைங்க. அப்புறம் வெட்டுனதுதான் போயிருக்குது. அன்னைக்கு லேமினார்கிட்ட யாருங்க வந்தாங்க?"

நான் எழுதிய நோட்டு. பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தான் கண்ணு… வலை மேல சந்தனம் வெச்சுப்போட்டேன்."

"வலை மேலயா?" நோட்டை மூடினாள். "ஏனுங்கக்கா, மூக்குக்குள்ளயா பொட்டு வெப்பாங்க?"

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஒரு வருட உழைப்பு அது.

முதலாளி வந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். "எங்க தப்புங்க சார். உள்ள ஒண்ணும் வெக்கக்கூடாதுன்னு நான் சொல்லி வெக்கலைங்க."

"போதும் அம்மணி. வாழையே பார்க்கலாம்."

"பழசுல பதினொரு பாட்டில் வெட்டாம வெச்சிருக்கறனுங்க சார். வெத நெல்லை யாராச்சும் திங்கறாங்களா? பங்குனி வரைக்கும் டைம் குடுங்க."

கொடுத்தார். ஃபில்டரும் மாற்றினார். அந்தப் பதினொன்றை ஒரு வாரம் என் கையால் தொடவே பயந்தேன். அவள்தான் கத்தியை நீட்டினாள். "நீங்களே வெட்டுங்கக்கா. உங்க கைக்குத்தான் கம்மியா கெடுது. உங்க நோட்டுதான் சொல்லுது."

பங்குனியில் கிணத்துக்கடவுத் தென்னந்தோப்பு ஒன்றின் நிழலில் எங்கள் நன்னாரிக் கன்றுகளை நட்டார்கள். அவள் குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தாள், பால்குடிக் குழந்தையின் காதைத் தொடுகிற மாதிரி…

அடுத்த ஆயுத பூஜைக்கு லீவு எடுக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். "வெளியங்க அக்கா. வெளிய எத்தனை வேணும்னாலும் வெச்சுக்கோங்க."

அவள் என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் இன்று நான் சொல்கிறேன்.

நாளை காலை சர்ச்சுக்குப் போகிறேன்.

நன்னாரி பாட்டிலைக் கையில் பிடித்தபடி அவள் நிற்கும் போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனப் பொட்டு வைத்தேன்.

கண்ணாடிக்கு வெளியேதான் வைத்தேன், கண்ணு. போயிட்டு வா.