ரேணுகா மேடம் கேட்ட இரண்டாவது இடம்

ரேணுகா மேடம் போய்விட்டார். இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டேன்... உண்மைதான்.

காலையில் வாட்ஸ்அப்பில்தான் முதலில் பார்த்தேன். வாட்ஸ்அப்பை மட்டும் நம்பி அஞ்சலி எழுதினால் மேடமே எழுந்து வந்து திட்டுவார். அதனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேடம் கடை இருக்கும் தேவராஜ மொஹல்லாவுக்கே போனேன்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்... அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். பிராஜெக்ட் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்டர்நெட்டில் எதை எப்படித் தேடுவது, எதைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர்.

அப்போதெல்லாம் எல்லா சென்டர்களிலும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தட்டி வைத்து மறைத்திருப்பார்கள். மேடம் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, பிள்ளைங்க என்ன பாக்குதுன்னு என் சேர்லருந்து தெரியணும். எல்லாத் தட்டியையும் எடுத்துடுங்க" என்றார்.

நான் பெயிண்டிங் கான்ட்ராக்டர். மைசூரில் பாதி வீடுகளின் கலர் என் கலர்தான். பதினாறு தட்டிகளையும் ஒற்றை ஆளாக ஒரே மதியத்தில் கழற்றி வைத்தேன்.

சரி... நான்கு தட்டி. என் மகள் பவித்ரா இதைப் படிப்பாள், அதனால் திருத்திவிடுகிறேன்.

மேடம் கடையில் ஒரு வழக்கம். உட்காரும் முன் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பார். எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்று பிள்ளை தன் கையால் மேலே எழுத வேண்டும். கீழே "இடம் 1", "இடம் 2" என்று இரண்டு கோடு. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் கிடைத்தால்தான் பிரிண்ட்.

"ஒண்ணப் பாத்து இன்னொண்ணு காப்பி அடிச்சிருந்தா அது ஒரே இடம்தான்" என்பார்.

திரையில் பேர், போன் நம்பர், ஸ்கூல் என்று எதையாவது கேட்டால் பிள்ளை உடனே மவுஸை விட்டுவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். ஒரு நாள் எனக்கு வெளிநாட்டுக் கார் பரிசு விழுந்திருப்பதாகத் திரையில் ஒரு பெட்டி வந்தது. நான் வீட்டு அட்ரஸை அடித்துக்கொண்டிருக்கிறேன்... கடையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எனக்காகக் கையைத் தூக்கிவிட்டன.

பவித்ரா எட்டாவது படிக்கும்போது அரண்மனை பற்றி ஒரு பிராஜெக்ட். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

நான் விடுவேனா... அரண்மனைக்குப் பெயிண்ட் அடித்ததே என் தாத்தாதான், வேலை முடிந்ததும் மகாராஜா இறங்கி வந்து தன் கையால் காபி கொடுத்தார் என்று விலாவாரியாகச் சொன்னேன். பிள்ளை அப்படியே எழுதிக்கொண்டது.

மேடம் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இடம் 1" என்ற கோட்டில் "அப்பா" என்று இருந்தது.

"இடம் ரெண்டு?" என்றார்.

பவித்ரா ஒரு மணி நேரம் தேடினாள். அரண்மனை பற்றி என்னென்னவோ வந்தது. தாத்தாவைக் காணோம், காபியையும் காணோம்.

"இதெல்லாம் இன்டர்நெட்ல வராதும்மா" என்றேன்.

பவித்ரா திரும்பி என்னைப் பார்த்தாள். "அது நெஜமாப்பா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். நான் சுவரில் பெயிண்ட் எங்கே உரிந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

மேடம் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. "அண்ணா, தாத்தா அங்க வேலை பாத்தாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

"பாத்தாரு மேடம்... ஏணி புடிச்சாரு."

"ஏணி புடிச்சவங்க பேரு எந்த வெப்சைட்லயும் இருக்காது அண்ணா. வீட்ல யாருக்குத் தெரியுமோ அவங்களக் கேளுங்க. அதுவும் ஒரு இடம்தான்."

கொள்ளேகாலில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடப் பார்த்தேன், மேடம் விடவில்லை. அவரே கேட்டார். அக்கா தாத்தாவை அப்பாரு என்றுதான் சொல்லும்.

"அப்பாரு ஏணிதான் புடிச்சாருங்க. ஒரு நாளு ஏணி வழுக்கி மேல இருந்த ஆளு இவரு மேலயே உளுந்து, இவருக்குக் காலு ஒடிஞ்சு போச்சு. மகாராஜா காபி குடுத்தாரா? யாருங்க சொன்னது, எந்தம்பியா? அவன் அப்பாருகிட்ட காபி வாங்கிக் குடிச்சதோட சரிங்க."

கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறு வழி... ஆனால் பவித்ரா சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். காபியை அடித்துவிட்டு ஏணியை எழுதினாள், ஒடிந்த காலையும் எழுதினாள். இடம் 1, அப்பா. இடம் 2, அத்தை.

மறுநாள் வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. உட்கார்ந்துதான் தட்டினார்களாம்... ஆனால் தட்டினார்கள். டீச்சர் அந்த ஒடிந்த காலைப் பற்றி இன்னும் கேட்டாராம்.

அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. மேடம் கடையில் ஜெராக்ஸும் ஆன்லைன் ஃபார்ம் நிரப்புவதும்தான் ஓடியது. துண்டுச்சீட்டுக் கட்டு மட்டும் மேஜை மேல் அப்படியே இருந்தது.

பவித்ரா இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நான் எதை பார்வர்ட் செய்தாலும் "இடம் 2?" என்று மட்டும் பதில் போடுவாள். இன்று போனில் விஷயத்தைச் சொன்னபோதும் அதைத்தான் கேட்டாள்.

"கடைக்கே போய்ப் பாத்துட்டேம்மா" என்றேன்.

முதல் இடம் பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் இரண்டாவது இடத்துக்கு வண்டி ஓட்டினேன் மேடம்...

போய் வாருங்கள்.