காளியம்மாள் வாங்கிய அலமாரிச் சாவி

காளியம்மாளுக்கு எதுவும் தானாக வந்து மடியில் விழுந்ததில்லை. அடம்பிடித்து வாங்கியவற்றை அவளுடைய அண்ணன் வீரையன் விரல் மடக்கிச் சொல்வார். சேற்றில் நின்ற காலோடு போய் வாங்கிய ஆஸ்பத்திரி ஆயா வேலை ஒன்று. டாக்டர் முன்னால் உட்கார ஒரு ஸ்டூல். மருந்து அலமாரியின் சாவி. அப்புறம், நாடெங்கும் அந்தப் புதுக் காய்ச்சல் அடித்த வருஷம், தெற்குத் தெருவின் நூற்றுப் பதினெட்டு வீட்டிலும் ஒரு சாவுகூட விழாதது. இந்தக் கடைசியைச் சொல்லும்போது மட்டும் விரலை மடக்க மாட்டார். உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

அவர்கள் ஊர் முத்துப்பேட்டைக்கு மேற்கே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், இரண்டு மைல். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மூங்கில் பாலம் முழுகிவிடும். அதனால் டாக்டர் தியாகராசன் புரட்டாசியிலேயே ஓட ஆரம்பித்தார். பட்டணத்தில் காய்ச்சல் பரவ ஆரம்பித்துவிட்டதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரிலிருந்து இரண்டு பெட்டி மாத்திரை வந்தது. வீட்டுக்கு வீடு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். வாங்கிக்கொண்டதற்கு ரிஜிஸ்தரில் கைநாட்டு வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவில்தான் முட்டிக்கொண்டது. போன வருஷம் பண்ணையில் விதைநெல் தருவதாகச் சொல்லி வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கினார்கள். அறுப்பு முடிந்ததும் அதே தாள், 'குத்தகை நிலத்தை நாங்களாகவே ஒப்படைத்துவிட்டோம்' என்ற எழுத்தோடு வந்து நின்றது. பதினோரு குடும்பத்துக்கு நிலம் போயிற்று. அதன்பின் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில், எந்தத் தாளிலும் யாரும் விரல் வைக்கக் கூடாது என்று எழுந்து நின்று சொன்னவர் வேறு யாருமில்லை, வீரையன்தான். ஐந்தாவது படித்தவர், சங்கத்தின் பெயர்ப்பட்டியல் நோட்டு அவர் பொறுப்பில் இருந்தது. அவர் சொன்னால் தெரு கேட்கும்.

காளியம்மாள் ரிஜிஸ்தரோடு தெருவைச் சுற்றிவந்தாள். ஒரு விரல்கூட விழவில்லை.

"ஏண்டி காளி, ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதும் பண்ணைக்கு ஆள் புடிக்கிறியா?" என்றாள் பக்கத்து வீட்டு அம்சம். இருவரும் பன்னிரண்டு வருஷம் ஒரே வரிசையில் நாற்று நட்டவர்கள்.

"பண்ணைக்கு உன்னப் புடிச்சுக் குடுத்தா ஒரே நாள்ல திருப்பி அனுப்பிடுவாங்க. வாய் அப்படி" என்றாள் காளியம்மாள். சிரித்தாலும் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பாய்ந்தாள்.

"அண்ணே, நீ சொன்னதாலதான் யாரும் கையைத் தர மாட்டேங்குறாங்க. இது வேற பேப்பருன்னு நீயே வந்து சொல்லு."

"சொல்லிடுவேன். நாளைக்குப் பண்ணைக் கணக்குப்பிள்ளை வந்து, இதுவும் வேற பேப்பருதான்னு சொல்லுவான். அப்ப என்ன செய்யறது?"

தங்கை சொல்வது சரி, தான் சொன்னதும் சரி என்று தெரிந்த மனுஷனுக்குச் சோறு எப்படி இறங்கும்? அன்றைக்கு வீரையன் பாதியிலேயே கையைக் கழுவிவிட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை, காளியம்மாள் டாக்டரிடம் வேறு யோசனை சொன்னாள்.

"அய்யா, வீட்டுக்கு வீடு வேணாங்க. எங்க தெருப் பள்ளிக்கூடத்துல ஒரு அலமாரி வையுங்க. மொத்தத்துக்கும் நான் பொறுப்பு."

"யாருக்குக் காய்ச்சல்னு உனக்கு எப்படித் தெரியும்? நூத்துப் பதினெட்டு வீடு இருக்கே?"

"நடவு நடக்குதுங்க. வரிசையில அவஅவளுக்கு ஒரு எடம் உண்டு. எவ எடம் காலியா இருக்கோ அவ வீட்டுக்கு நேராப் போயிடுவேன். பொய் சொல்லி வராம நிக்கிறவளும் எனக்குத் தெரியும், ஒடம்பு முடியாம நிக்கிறவளும் தெரியும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல யோசனை. ஆனா அலமாரிச் சாவிய வாங்கறவங்க கையெழுத்துப் போடணும்மா. கைநாட்டுக்குச் சாவி தர விதி இல்லை. புதன்கிழமைக்குள்ள முடியலைன்னா பெட்டிய வேற ஊருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு."

நடுவில் ஐந்து நாள். எழுதச் சொல்லிக் கொடுக்கும்படி அவள் யாரிடமும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வீரையன் சங்க நோட்டை எடுத்தபோது, பெண்கள் பட்டியலில் ஏழாவதாக இருந்த தங்கையின் பெயர் மட்டும் மங்கி, தாள் பள்ளம் விழுந்து கிடந்தது. யாரோ விரலால் அந்தப் பெயர் மேலேயே திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறார்கள். நோட்டில் ஒரு மை பட்டாலே ஊரைக் கூட்டுகிறவர், அதைப் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைத்தார். நாற்றங்கால் வரப்புக்குப் போனார். மெழுகிவிட்ட சேற்றில் முழ நீளத்துக்கு, வரிவரியாக அதே பெயர். முதல் வரி தேள் ஊர்ந்தது போல, கடைசி வரி அவர் கையெழுத்தைப் போலவே. தண்ணீர் திறக்க வந்த வீரையன், அந்த மடையை மட்டும் அன்றைக்குத் திறக்காமல் திரும்பினார்.

புதன்கிழமை அவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார். தெருவிலிருந்து அம்சம் உட்பட இருபது பேர் பின்னால் வந்தார்கள், வேடிக்கை பார்க்க. டாக்டர் தன் எதிரில் ஸ்டூலைப் போட்டு, "உக்காருங்க" என்றார். பழக்கத்தில் கட்டைவிரலைத்தான் முதலில் நீட்டினாள். பிறகு மடக்கிக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"அடியே, நாத்தப் புடிக்கிற மாதிரியே புடிக்கிறா பாரு" என்றாள் அம்சம்.

எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. டாக்டர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

காய்ச்சல் ஐப்பசி முதல் வாரம் வந்தது. கடைசி நடவில் முதலில் காலியானது அம்சத்தின் இடம்தான். அன்று காலையே மாத்திரையும் கஞ்சியும் தனிப் பாயும் அவள் வீட்டுக்குப் போயின. மழையில் பாலம் முழுகிய ஒன்பது நாளும் தெருவுக்கு அந்த அலமாரியே ஆஸ்பத்திரி. நாற்பத்தொரு வீட்டில் படுத்தார்கள். நாற்பத்தொரு வீட்டிலும் எழுந்தார்கள்.

சங்க நோட்டில் அந்தப் பள்ளம் விழுந்த ஏழாவது பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு எதிரே வீரையன் நுணுக்கி ஒரு தேதி எழுதி வைத்திருக்கிறார்: புதன்கிழமை, 9 அக்டோபர் 1968.